அலமாரியில் ஒரு ராமாயணம்

வீடியோ கேசட்டாகவோ குறுந்தகடாகவோ வீட்டு அலமாரிக்கு வந்து சேரும் ராமாயண அனிமேஷனைச் சமயப் பொருள்களின் வரிசையில் எங்கே வைப்பது? பூஜையறைப் படத்தோடு வைப்பதா, இதிகாசப் புத்தகத்தோடு வைப்பதா, பிள்ளைகளின் விளையாட்டுச் சாமான்களோடு வைப்பதா? கேள்வி சிறியதாகத் தோன்றினாலும் அதற்குள் மூன்று பழைய கேள்விகள் அடங்கியிருக்கின்றன. தெய்வத்தை எப்படி வேண்டுமானாலும் வரையலாமா? அதை எந்த மொழியிலும் பேசவைக்கலாமா? நினைத்தபோதெல்லாம் அதை எதிரே வரவழைக்கலாமா? முதல் இரண்டுக்கும் இந்திய மரபில் தெளிவான விடைகள் உண்டு. வீடியோ புதிதாகக் கிளப்பியது மூன்றாவதைத்தான்.

படம் பிறந்த கதை

இந்த மூன்று கேள்விகளும் ஒன்றுசேரும் உதாரணம், 'ராமாயணா: தி லெஜண்ட் ஆஃப் பிரின்ஸ் ராமா' என்னும் ஜப்பானிய–இந்திய அனிமேஷன் படம். ராமாயணத்தோடு தொடர்புடைய இடங்களில் தொல்லியல் அறிஞர் பி. பி. லால் நடத்திய அகழாய்வைப் பற்றி ஆவணப்படம் எடுக்க 1983-ல் இந்தியா வந்தவர் யூகோ சாகோ. வந்த இடத்தில் கதை அவரைப் பற்றிக்கொண்டது. ஜப்பானிய மொழியில் கிடைத்த ராமாயணங்களைத் தேடிப் படித்தார்; அதை அனிமேஷனாகவே எடுக்க வேண்டும் என்று முடிவு செய்தார். ராமன் தெய்வம், ஆகவே ஒரு நடிகரைவிட ஓவியமே அவனுக்குப் பொருத்தம் என்பது அவர் சொன்ன காரணம்.

எதிர்ப்பு உடனே வந்தது. ஆவணப்படம் பற்றிய பத்திரிகைச் செய்தியைப் படித்த விசுவ இந்து பரிஷத், அந்நியர் ஒருவர் ராமாயணத்தைத் தன் விருப்பப்படி படமாக்கக் கூடாது என்று ஜப்பானியத் தூதரகத்துக்கு எழுதியது. அந்தத் தவறான புரிதல் பின்னர் நீங்கியது. ஆனால் ராமாயணத்தைக் கார்ட்டூனாக்குவதில் இந்திய அரசுக்குத் தயக்கம் இருந்ததால் படத்தின் பெரும்பகுதி வேலை ஜப்பானில் நடந்தது. கோயிச்சி சசாகியும் ராம் மோகனும் சாகோவோடு இயக்குநர்களாக இருந்தனர். ராம் மோகன் 1956-ல் மும்பையில் பிலிம்ஸ் டிவிஷனின் கார்ட்டூன் பிரிவில் சேர்ந்து, இந்திய அனிமேஷனின் தந்தை என்று பெயர் பெற்றவர். இசை வன்ராஜ் பாட்டியா. ஏறத்தாழ 450 கலைஞர்கள் சேர்ந்து கையால் வரைந்து முடித்த படம், 1993 ஜனவரியில் டெல்லியில் நடந்த இந்திய சர்வதேசத் திரைப்பட விழாவில் திரையிடப்பட்டது.

திரையரங்குகளில் அது பெரிதாக ஓடவில்லை. மக்களிடம் அதைக் கொண்டுசேர்த்தவை தொலைக்காட்சி மறுஒளிபரப்புகளும் வீட்டு வீடியோவும்தான். இந்தி டப்பிங்கில் ராமனுக்கு அருண் கோவிலும் ராவணனுக்கு அம்ரீஷ் புரியும் குரல் கொடுத்தனர். சத்ருகன் சின்கா கதை சொன்னார். அமெரிக்காவில் 'தி பிரின்ஸ் ஆஃப் லைட்' என்ற பெயரில் வெளியான வடிவத்தில் கதைசொல்லி ஜேம்ஸ் எர்ல் ஜோன்ஸ். ராமனின் குரல் பிரையன் கிரான்ஸ்டன். 4கே தரத்தில் புதுப்பித்த படம் 2025 ஜனவரி 24-ல் இந்தி, ஆங்கிலத்தோடு தமிழிலும் தெலுங்கிலும் திரைக்கு வந்தது. மும்பையின் மாட்டுங்காவிலும் செம்பூரிலும் தாராவியிலும் வளர்ந்த தமிழ்ப் பிள்ளைகளுக்கு இந்த ராமன் முதலில் பேசிய மொழி இந்தியோ ஆங்கிலமோதான். அவன் தமிழ் பேச 32 ஆண்டுகள் ஆயின.

வரைந்தது தெய்வமாகுமா?

முதல் கேள்வி உருவத்தைப் பற்றியது. ஆகம, சிற்ப நூல்கள் உருவங்களை மூன்றாகப் பிரிக்கின்றன. எல்லாப் பக்கமும் முழுமையாக வடித்தது சித்திரம்; சுவரிலிருந்து பாதி புடைத்து நிற்பது அர்த்தசித்திரம்; சுவரிலோ துணியிலோ தீட்டிய ஓவியம் சித்திராபாசம். 'ஆபாசம்' என்ற சொல்லுக்கு இங்கே இன்றைய வழக்கின் பொருள் கிடையாது. 'போலத் தோன்றுவது' என்பது பொருள். ஓவியம் தோற்றத்தின் தோற்றம் என்பதைப் பெயரிலேயே ஒப்புக்கொண்ட பிறகுதான் மரபு அதை ஏற்றுக்கொள்கிறது. நொடிக்குப் பல ஓவியங்கள் ஓடி மறையும் அனிமேஷனை இந்த வரிசையின் கடைசியில் இன்னொரு படியாகச் சேர்த்துக்கொள்ளலாம்.

முழுச் சிற்பமும்கூடத் தானாகவே தெய்வம் ஆகிவிடுவதில்லை. வேலையெல்லாம் முடிந்த பிறகு ஸ்தபதி கண் திறக்க வேண்டும். பிரதிஷ்டை நடக்க வேண்டும். மந்திரத்தால் ஆவாகனம் செய்ய வேண்டும். அதுவரை அது கல்தான். செம்பூர் சேடா நகரில் 108 படி ஏறிப் போய்க் கும்பிடும் திருச்செம்பூர் முருகனுக்கும், பூக்கடையில் சட்டம் போட்டு விற்கும் முருகன் படத்துக்கும் உள்ள வேறுபாடு வடிவத்தில் இல்லை. ஒன்றில் ஆவாகனம் நடந்திருக்கிறது, மற்றதில் நடக்கவில்லை.

கண் திறக்கும் வழக்கம் ஜப்பானுக்கும் புதிதில்லை. நாரா நகரின் தோதாய்ஜி கோயிலில் பெரிய புத்தர் சிலைக்கு 752-ல் கண் தீட்டியவர் போதிசேனர் என்னும் இந்தியத் துறவி. ஆகவே உருவம் வேறு, உருவத்தில் எழுந்தருளல் வேறு என்பது படத்தை எடுத்த இரண்டு நாட்டாருக்கும் பொதுவான அறிவு. 'அகன்ற கண்ணோடு ராமனை வரைந்துவிட்டார்கள்' என்ற குறை அழகியல் பற்றியதாக இருக்கலாம். சமயக் குற்றச்சாட்டு ஆகாது.

அப்படியானால் திரையில் தெரிவதைப் பார்த்து 'ராமன்' என்று சொல்வது எந்த வகை அறிவு? இதற்கு ஒரு பழைய விடை உண்டு. நாடகம் பார்ப்பவரின் மனநிலையை ஆராய்ந்த ஸ்ரீசங்குகரின் கருத்தை அபிநவகுப்தர் எடுத்துச் சொல்கிறார். நடிகனைப் பார்த்து 'இவன் ராமன்' என்று உணர்வது மெய்யறிவு அன்று, பொய்யறிவும் அன்று, ஐயமும் இல்லை, ஒப்புமையும் இல்லை. சுவரில் தீட்டிய குதிரையைப் பார்த்துக் குதிரை என்று சொல்வதைப் போன்ற தனி வகை அது. சித்திர துரக நியாயம் என்று இதற்குப் பெயர். சங்குகருக்கு ஓவியம் வெறும் உவமை. சாகோவின் படத்தில் அந்த உவமையே பொருளாகிவிட்டது.

ஓவியத்துக்கு நடிகனிடம் இல்லாத ஒரு வசதியும் இருக்கிறது. நடிகனுக்கு வேடத்துக்கு வெளியே ஒரு வாழ்க்கை உண்டு. தூர்தர்ஷன் ராமாயணத்தில் ராமனாக நடித்த அருண் கோவிலின் காலைத் தொட்டுக் கும்பிட்டவர்கள் பலர். பிறகு அவரை வேறு வேடத்தில் ஏற்க அவர்களால் முடியவில்லை. வரைந்த ராமனுக்கு இந்தச் சங்கடம் கிடையாது. படம் முடிந்தபின் அவன் வேறெங்கும் போவதில்லை.

பிற சமயங்களிலும் இந்த விவாதம் நடந்திருக்கிறது. ஓவியங்களை உடைத்த மார்செய் ஆயருக்கு, வணங்கத்தான் கூடாது, படிப்பறியாதவர் பார்த்துத் தெரிந்துகொள்ள அவை வேண்டும் என்று 600-ஆம் ஆண்டையொட்டி எழுதினார் போப் முதலாம் கிரிகோரி. அந்த நியாயத்தின் வழியில் வந்ததுதான் 1981-ல் ஜப்பானிய நிறுவனமான தத்சுனோகோ, அமெரிக்கக் கிறிஸ்தவ ஒளிபரப்பு நிறுவனம் ஒன்றோடு சேர்ந்து தயாரித்த 'சூப்பர்புக்' என்ற பைபிள் தொடர். டப் செய்யப்பட்டுப் பல நாடுகளுக்கும் போன அந்தத் தொடரை யாரும் வழிபாட்டுப் பொருளாக எண்ணியதில்லை; அது பாடம். ராமாயணப் படத்தை அப்படி வெறும் பாடமாக மட்டும் ஒதுக்க முடியாது. ராமன் தோன்றும் முதல் காட்சியில் கன்னத்தில் போட்டுக்கொள்ளும் பாட்டி ஒருத்தி வீட்டில் இருக்கவே செய்வாள்.

குரல் மாறினால் என்ன?

இரண்டாவது கேள்வி மொழியைப் பற்றியது. மீமாம்சை நூலார் வேதத்துக்குச் சொல் வரிசையே உயிர் என்பார்கள். இந்த வரிசைக்கு ஆனுபூர்வி என்று பெயர். ஒரு சொல்லை இடம் மாற்றினாலும், பொருள் கெடாமல் வேறு சொல்லைப் போட்டாலும் அது வேதம் ஆகாது. எனவே வேதத்தை மொழிபெயர்க்கலாம், ஆனால் மொழிபெயர்ப்பை ஓத முடியாது.

இதிகாசத்தின் நிலை வேறு. 11-ஆம் நூற்றாண்டுக் காஷ்மீர அறிஞர் மம்மடர் 'காவியப் பிரகாச'த்தில் இந்த வேறுபாட்டை விளக்குகிறார். வேதம் எஜமானைப் போல ஆணையிடும். அங்கே சொல்லே தலைமை. இதிகாச புராணங்கள் நண்பனைப் போல எடுத்துச் சொல்லும். அங்கே பொருளே தலைமை. காவியம் காதலியைப் போல இனிமையால் வசப்படுத்தும். நண்பனின் புத்திமதிக்கு மொழி ஒரு தடையில்லை; அவன் எந்த மொழியில் சொன்னாலும் அது அவன் சொன்னதுதான்.

கம்பன் செய்ததும் இதுவே. வான்மீகத்தில் அந்த இடத்தில் இல்லாத இரணியன் வதையை அவன் சேர்த்தான். ஸ்ரீரங்கத்து அரங்கேற்றத்தில் அதற்கு ஆட்சேபம் எழுந்தபோது அந்தக் கோயிலின் நரசிம்மரான மேட்டழகிய சிங்கர் தலையசைத்து ஒப்புதல் தந்தார் என்பது செவிவழிக் கதை. நடந்ததோ இல்லையோ, மறுகூறலுக்கு அனுமதி தருபவர் பண்டிதரில்லை, கதைக்குரிய தெய்வமே என்று ஒரு சமூகம் நம்பியதற்கு அந்தக் கதை சாட்சி.

டப்பிங்கில் இன்னும் ஒரு நுட்பம் இருக்கிறது. மொழிபெயர்ப்பாளர் பக்கத்தில் இருக்கும் இடத்துக்கு ஏற்றபடி எழுதலாம். டப்பிங் எழுத்தாளருக்கு அந்தச் சுதந்திரம் கிடையாது. வரைந்த வாய் திறந்து மூடும் நேரத்துக்குள் வசனம் முடிந்தாக வேண்டும். 'ப', 'ம' போன்ற உதடு ஒட்டும் எழுத்துகள் திரையில் உதடு ஒட்டும் இடத்தில் விழ வேண்டும். அசை எண்ணிச் சொல் தேடும் இந்த வேலை, யாப்புக்குள் சொல் தேடும் புலவனின் வேலைக்கு அக்கம்பக்கத்து உறவு. படத்தின் ஆங்கில வடிவத்தில் வசனம் ஆங்கிலமாக இருக்க, பாடல்கள் சமஸ்கிருதத்திலேயே நின்றன. பொருளுக்காக இருப்பது மாறலாம், ஒலிக்காக இருப்பது மாற வேண்டாம் என்ற பழைய பிரிவினை அங்கே தன்னையறியாமல் கடைப்பிடிக்கப்பட்டிருக்கிறது.

நேரம் இல்லாத தெய்வம்

மூன்றாவது கேள்வி நேரத்தைப் பற்றியது. ராமானந்த் சாகரின் ராமாயணம் தூர்தர்ஷனில் 1987 ஜனவரி 25 முதல் 1988 ஜூலை 31 வரை ஞாயிற்றுக்கிழமை காலைகளில் ஒளிபரப்பானது. அந்த நேரத்தில் தெருக்கள் வெறிச்சோடின. குளித்துவிட்டு வந்து உட்கார்ந்தவர்கள் உண்டு. தொலைக்காட்சிப் பெட்டிக்கு மாலை போட்டு ஊதுவத்தி ஏற்றியவர்களும் உண்டு. மரபின் கணக்கில் அந்தப் பெட்டியில் பிரதிஷ்டை எதுவும் நடக்கவில்லை. ஆனாலும் வழிபாட்டின் ஓர் உறுப்பு அங்கே இருந்தது: குறித்த நேரம். தவறவிட்டால் போனது போனதுதான். காத்திருந்து பார்ப்பது தரிசனத்தின் இலக்கணம்.

கேசட் இந்த உறுப்பை நீக்கியது. வைணவ ஆசாரியர்கள் இதற்கு அருகில் வரும் ஓர் உவமையைக் கையாண்டிருக்கிறார்கள். ராமனும் கிருஷ்ணனுமாகப் பிறந்து வந்த விபவ அவதாரங்கள் பெருகி ஓடிவிட்ட ஆற்றைப் போன்றவை. அந்த வெள்ளம் வந்தபோது கரையில் இருந்தவருக்கே உதவின. கோயிலில் நிற்கும் அர்ச்சாவதாரம், ஆறு ஓடிய பிறகும் தேங்கி நிற்கும் மடுவைப் போன்றது. பின்னால் வந்தவருக்கும் தண்ணீர் கிடைக்கும். பிள்ளை லோகாசாரியர் சொன்ன இந்த ஒப்புமையை ஒளிபரப்புக்கும் பதிவுக்கும் பொருத்தினால் ஒளிபரப்பு வெள்ளம், கேசட் மடு என்றாகும்.

ஒப்புமை ஓர் இடத்தில் முறிகிறது. அந்த இடம்தான் முக்கியமானது. அர்ச்சை எல்லாருக்கும் எளியது, ஆனால் எந்நேரமும் எளியதன்று. மாட்டுங்காவிலோ செம்பூரிலோ எந்தக் கோயிலானாலும் உச்சிக்கால பூஜைக்குப் பிறகு நடை சாத்துவார்கள். திரை போட்டிருக்கும்போது கும்பிடப் போனவர் நிற்க வேண்டும். எழுப்பவும் நீராட்டவும் அமுது செய்விக்கவும் உறங்கவைக்கவும் வேளைகள் உண்டு. எளிவந்த தெய்வத்துக்கும் நேரம் உண்டு என்பது கோயிலின் ஏற்பாடு. வீட்டு வீடியோ எளிமையை வைத்துக்கொண்டு நேரத்தை விட்டுவிட்டது.

நேரத்தோடு வரிசையும் போனது. கேசட்டில் ஒரு மிச்சம் இருந்தது: பாதியில் நிறுத்தினால் நாடா அங்கேயே நிற்கும். மறுமுறை போடும்போது ஜடாயு விழுந்து கிடக்கும் இடத்திலிருந்து கதை தொடரும். முதலிலிருந்து வேண்டுமென்றால் நாடாவைச் சுற்றிக் காத்திருக்க வேண்டும். குறுந்தகடு அந்தக் காத்திருப்பையும் எடுத்துவிட்டது. அத்தியாயப் பட்டியலில் ஒரு பொத்தானைத் தொட்டால் இலங்கை எரியும். பிள்ளைகளுக்கு அனுமன் வாலில் தீ வைக்கும் காட்சி போதும். ஒரே நாளில் இலங்கை ஐந்து முறை எரியும். சீதை அசோகவனத்திலேயே இருப்பாள்.

பகுதியை மட்டும் எடுப்பது தவறென்று மரபு சொல்வதில்லை. சுந்தர காண்டத்தை மட்டும் பாராயணம் செய்யும் வழக்கம் மாட்டுங்கா வீடுகளில் சாதாரணம். ஒரே பகுதியைத் திரும்பத் திரும்பப் படிப்பதும் பாராயணமே. ஆனால் அதற்குச் சில விதிகள் உண்டு. தொடக்கத்தில் சங்கல்பம்: யார், எதற்காக, எத்தனை நாள் என்று சொல்லிக்கொள்வது. அனுமன் வந்து கேட்பதற்காக ஒரு மணையைப் போட்டு வைப்பது. அதில் யாரும் உட்காருவதில்லை. எந்தக் காண்டத்தைப் படித்தாலும் கடைசியில் பட்டாபிஷேக சர்க்கத்தைப் படித்து முடிப்பது. ராமனைக் காட்டிலோ சீதையைச் சிறையிலோ விட்டுவிட்டுப் புத்தகத்தை மூடக் கூடாது என்பது அதன் உட்பொருள். கதையைத் துண்டாக்கும் உரிமையோடு, அதைக் கரைசேர்க்கும் கடமையும் சேர்ந்தே வருகிறது.

வீடியோவின் குறை, ஆகவே, ஜப்பானிய ஓவியத்திலோ இந்தி வசனத்திலோ இல்லை. நிறுத்து என்ற பொத்தான் இருக்கிறது. மங்களம் பாடும் பொத்தான் இல்லை.

கொலுப் பொம்மையின் இடம்

பூஜைப் படமாகவும் இல்லாமல் விளையாட்டுப் பொருளாகவும் இல்லாமல் இடையில் நிற்கும் பொருள் தமிழ் வீடுகளுக்குப் புதிதில்லை. நவராத்திரிக் கொலுப் பொம்மை அதுவே. மண்ணால் செய்து வர்ணம் பூசிய ராமர் பட்டாபிஷேக செட்டும், செட்டியார் பொம்மையும், பிளாஸ்டிக் கிரிக்கெட் வீரரும் ஒரே வரிசையில் ஒன்பது நாள் உட்காருகிறார்கள். ஆவாகனம் கலசத்தில் நடக்கிறது. பொம்மைகள் அதன் சபை. சுண்டல் நைவேத்தியம் ஆகும்போது அந்தச் சபைக்கு மரியாதை உண்டு. குழந்தை கை தட்டி ஒரு பொம்மை உடைந்தால் அது பாவம் ஆவதில்லை.

இந்த இடைநிலையைக் காப்பது முடிவுச் சடங்கு. விஜயதசமி இரவில் ஆரத்தி எடுத்து, ஒரு பொம்மையைப் படுக்க வைப்பார்கள். மறுநாள் ஒவ்வொன்றையும் பழைய வேட்டித் துணியில் சுற்றிப் பெட்டிக்குள் வைத்துப் பரணில் ஏற்றுவார்கள். பதினொரு மாதத்துக்கு மேல் ராமன் பரணில் இருக்கிறான். அதை யாரும் அவமதிப்பு என்று நினைப்பதில்லை. படுக்க வைத்துவிட்டுத்தானே மூடினார்கள்!

அலமாரியில் இருக்கும் ராமாயணத் தகட்டுக்கும் இந்தப் பெட்டிக்கும் நடுவே தூரம் அதிகமில்லை. ராம நவமியன்று எடுத்துக் குடும்பத்தோடு பார்த்து, ராமன் அயோத்தி திரும்பும்வரை உட்கார்ந்திருந்து மூடும் வீட்டில் அது கொலுப் பொம்மையின் நிலையை அடைகிறது. சோறு ஊட்டுவதற்காக இலங்கையை மட்டும் ஓடவிடும் வீட்டில் அது விளையாட்டுச் சாமான். தகடு ஒன்றே, அதை எந்த வரிசையில் வைப்பது என்பதை அதன் உருவமும் மொழியும் தீர்மானிப்பதில்லை. தொடங்கும் விதமும் முடிக்கும் விதமும் தீர்மானிக்கின்றன.

தேய்ந்த பிறகு

மிஞ்சுவது கழிவின் கேள்வி. கண்ணாடி உடைந்த சாமி படத்தைக் குப்பையில் போட மனம் வராதவர்கள் அதை அரசமரத்தடியில் கொண்டுபோய் வைக்கிறார்கள். மும்பையின் பல தெருக்களில் இதைக் காணலாம். விநாயகர் சதுர்த்தியில் பிரதிஷ்டை செய்த மண் பிள்ளையாரைக் கடலில் கரைக்கிறார்கள். இரண்டும் ஒன்றில்லை. பிள்ளையாருக்கு ஆவாகனம் நடந்தது. ஆகவே விசர்ஜனம் செய்து வழியனுப்ப வேண்டும். படத்துக்கு அது நடக்கவில்லை. மரத்தடியில் விடுவது சாத்திரத்தால் வந்ததில்லை, வாஞ்சையால் வந்தது. ஜப்பானில் பழைய பொம்மைகளைக் கோயிலுக்கு எடுத்துப்போய் நன்றி சொல்லி விடைகொடுக்கும் நின்க்யோ குயோ சடங்கும் இதே வாஞ்சையின் இன்னொரு வடிவம்.

தேய்ந்த கேசட்டும் கீறல் விழுந்த தகடும் பழைய சாமான்காரரிடம் போகின்றன. மும்பையில் அந்த வழி பெரும்பாலும் தாராவியின் பதின்மூன்றாம் காம்பவுண்டை நோக்கிச் செல்கிறது. அங்கே பிளாஸ்டிக்கை வகை பிரித்து, அரைவை எந்திரத்தில் போட்டுத் துண்டாக்கி, கழுவிக் காயவைத்து, உருக்கிக் குருணையாக்குகிறார்கள். தகடு பாலிகார்பனேட், கேசட்டின் நாடா இரும்பு ஆக்சைடு பூசிய பாலியெஸ்டர். அட்டையில் வில்லேந்திய ராமன் அச்சாகியிருக்கலாம். அரைப்பது அபசாரமா என்றால் ஆகமத்தின் விடை ஒன்றுதான்: எழுந்தருளாத இடத்திலிருந்து எழுந்துபோக யாரும் இல்லை.

அதே தாராவியின் கும்பார்வாடாவில் சௌராஷ்டிரத்திலிருந்து வந்த குயவர் குடும்பங்கள் தீபாவளி அகலைச் சக்கரத்தில் வனைகின்றன. சூளையிலிருந்து வந்த அகலுக்கும் கடையில் இருக்கும்போது புனிதம் இல்லை. எண்ணெய் விட்டுத் திரி போட்டு ஏற்றும்போது வருகிறது. எரிந்து முடிந்தபின் அது மறுபடி மண். வீட்டுத் திரையில் ஓடும் ராமாயணத்துக்கும் கணக்கு அதுவே. சுடர் தகட்டில் இல்லை. ஏற்றுபவர் கையில் இருக்கிறது, அணைக்கும் முறையிலும் இருக்கிறது.